அமீனா கையில் இருப்பது என்ன காகிதம்? ஜப்தி பற்றி ஒரு தொடக்க விளக்கம்

பேருந்து நிலையத்தில் புறப்படத் தயாராக நிற்கும் அரசுப் பேருந்துக்கு முன்னால் நாலைந்து பேர் வந்து நிற்பார்கள். ஒருவர் வக்கீல், கறுப்புக் கோட்டே சொல்லிவிடும். இன்னொருவர் கையில் மடித்த காகிதம். டிரைவர் கண்டக்டரைப் பார்ப்பார், கண்டக்டர் டெப்போவுக்குப் போன் போடுவார். சற்று நேரத்தில் "எல்லாரும் இறங்கி அடுத்த வண்டியில ஏறிக்கங்க" என்று குரல் வரும். மறுநாள் பேப்பரில் 'விபத்து இழப்பீடு வழங்காததால் அரசுப் பேருந்து ஜப்தி' என்று நாலு வரிச் செய்தி. தமிழ்நாட்டில் பேப்பர் படிப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். நிலம் எடுத்ததற்குப் பணம் தராததால் கலெக்டர் அலுவலக நாற்காலியும் கம்ப்யூட்டரும் ஜப்தி என்பதும் அப்படித்தான்.

அந்தச் செய்திகளில் யாரும் அழுவதில்லை. போக்குவரத்துக் கழகத்தின் சட்டப் பிரிவில் ஒருவர் உட்கார்ந்து எந்தக் கோர்ட்டு, என்ன நம்பர், எவ்வளவு தொகை, அடுத்த வாய்தா எப்போது என்று பார்ப்பார். பணத்தைக் கட்டுவார்கள், அல்லது ஒரு பகுதியைக் கட்டி அவகாசம் கேட்பார்கள். பேருந்து வெளியே வந்துவிடும். பேருந்தை நிறுத்திய அதே அமீனா அதே மாதிரிக் காகிதத்தோடு ஒரு தையல்காரர் வீட்டு வாசலில் நின்றால் கதை வேறு. தையல்காரர் கொல்லைப்புற வழியாகப் போய்விடுவார். அவர் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு, அக்கம்பக்கம் என்ன நினைக்குமோ என்று உள்ளேயே நடுங்குவார். பண வசதியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இரண்டு பேருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கழகத்துக்கு அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரியும்.

நமக்கும் அதைப் படிக்கத் தெரிந்தால் நல்லது. தமிழ்நாட்டு சிவில் கோர்ட்டுகளில் கடன் வசூல் எப்படி நடக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். அடிப்படைச் சட்டம் 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம். திருத்தங்கள் பல வந்தும் எலும்புக்கூடு அதேதான்.

அமீனா யார், யார் அமீனா இல்லை

அரசாணை மொழியில் அவர் 'கட்டளை நிறைவேற்றுநர்'. அந்தப் பெயரில் அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மக்களுக்கு அவர் அமீனா. 'அமீன்' என்ற அரபுச் சொல்லுக்கு நம்பிக்கைக்குரியவர் என்று பொருள். ஜப்தி செய்ய வந்தவரைப் பார்த்து அந்த அர்த்தம் யாருக்கும் நினைவுக்கு வராது என்பது வேறு விஷயம்.

அமீனா கோர்ட்டு ஊழியர். அவருக்குச் சொந்த அதிகாரம் கிடையாது. நீதிபதியோ கோர்ட்டு நியமித்த அதிகாரியோ கையெழுத்திட்ட, கோர்ட்டு முத்திரை உள்ள வாரண்ட் என்ன சொல்கிறதோ அதைச் செய்துவிட்டு, செய்தேன் என்றோ, முடியவில்லை, காரணம் இது என்றோ எழுதி, குறிப்பிட்ட தேதிக்குள் கோர்ட்டில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் வேலை. தவணை கொடுக்கவோ, வட்டியைக் குறைக்கவோ, கடன் உண்மையா பொய்யா என்று பார்க்கவோ அவரால் முடியாது. ஆகவே அவர் காலில் விழுவதும் வீண், அவரைத் திட்டுவதும் வீண். கெஞ்ச வேண்டிய இடம் கோர்ட்டு. பேச வேண்டிய ஆள் கடன் கொடுத்தவர் அல்லது அவருடைய வக்கீல். அமீனாவைத் தள்ளிவிட்டாலோ தடுத்தாலோ, அதுவரை சிவில் வழக்காக இருந்தது கிரிமினல் வழக்காகவும் ஆகிவிடும். அரசு ஊழியரைக் கடமை செய்ய விடாமல் தடுப்பது குற்றம்.

வட்டிக்காரர் அனுப்பும் ஆட்கள், பைனான்ஸ் கம்பெனியின் கலெக்‌ஷன் பையன்கள், வங்கியின் வசூல் முகவர்கள் இவர்கள் யாரும் அமீனா இல்லை. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைப் பார்த்துப் பலர் ஏமாந்துபோகிறார்கள். அவர்களால் உங்கள் வீட்டுக்குள் நுழைய முடியாது, ஒரு டம்ளரைக்கூட எடுக்க முடியாது. வங்கிகளின் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காகப் போன் செய்யக்கூடாது, மிரட்டக்கூடாது, உறவினரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக்கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி தெளிவாகவே சொல்லிவிட்டது. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே சட்டம் இருக்கிறது. கடன் வசூலில் நடக்கும் மிரட்டலையும் அவமானப்படுத்தலையும் தடுக்க 2025-ல் இன்னொரு சட்டமும் வந்தது. ஆகவே வாசலில் யார் வந்து நின்றாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "கோர்ட்டு வாரண்ட் இருக்கா? காட்டுங்க." அமீனா என்றால் காட்டுவார். மற்றவர்கள் குரலை உயர்த்துவார்கள்.

காகிதம் வாசலுக்கு வரும் வழி

ஒரு தையல்காரர் புரோநோட் எழுதிக் கொடுத்து 2 லட்சம் ரூபாய் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடம் வட்டி கட்டினார், பிறகு முடியவில்லை. கடன் கொடுத்தவர் பணத்தை வசூலிக்க வழக்குப் போட வேண்டும். அதற்கு 3 ஆண்டு கெடு. (நடுவில் கொஞ்சம் பணம் கொடுத்து, புரோநோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தத் தேதியிலிருந்து 3 ஆண்டு மறுபடி ஓட ஆரம்பிக்கும். "சும்மா ஒரு ஆயிரம் வரவு வச்சுக் கையெழுத்துப் போடுப்பா" என்று வட்டிக்காரர் அன்பாகக் கேட்பதன் காரணம் இதுதான்.)

வழக்குப் போட்டதும் சம்மன் வரும். நம் ஊரின் பெரிய மூடநம்பிக்கை இங்கேதான் இருக்கிறது: சம்மனை வாங்காவிட்டால் கேஸ் நடக்காது என்பது. வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள், சம்மன் சார்பு செய்யப்பட்டதாக, அதாவது உங்களிடம் சேர்ந்துவிட்டதாக, கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். குறிப்பிட்ட நாளில் நீங்கள் இல்லையென்றால் எதிர்த்தரப்பு சொன்னதை மட்டும் கேட்டு ஒருதலைப்பட்சத் தீர்ப்பு, அதாவது 'எக்ஸ்பார்ட்டி டிகிரி', ஆகிவிடும். பாதிக் கடனை ஏற்கெனவே அடைத்திருக்கலாம், போட்ட தொகை பொய்யாக இருக்கலாம், கையெழுத்தே உங்களுடையதாக இல்லாமல் இருக்கலாம். சொல்ல வேண்டிய இடம் அந்த நாளும் அந்தக் கூண்டும்தான். பின்னால் ஜப்தி கட்டத்தில் போய் "இந்தக் கடனே பொய்" என்றால், தீர்ப்பை நிறைவேற்றும் கோர்ட்டு அதைக் கேட்காது. தீர்ப்புக்குப் பின்னால் போய்ப் பார்க்க அதற்கு அதிகாரம் இல்லை.

வழக்கில் ஆஜராவதில் இன்னொரு லாபமும் உண்டு. மூன்று வட்டி, அதாவது ஆண்டுக்கு 36 சதவீதம் என்று கட்டிக்கொண்டிருப்பவருக்கு, தொழில் சம்பந்தமில்லாத கடனாக இருந்தால், தீர்ப்புத் தேதிக்குப் பிறகு அசலுக்கு ஆண்டுக்கு 6 சதவீதத்துக்கு மேல் வட்டி போட முடியாது. கோர்ட்டுக்குப் போவதைக் கண்டு கடன் வாங்கியவர்தான் பயப்பட வேண்டும் என்பதில்லை.

தீர்ப்பு வந்ததும் பணம் வந்துவிடாது. இந்தியாவில் ஒரு வழக்காளியின் கஷ்டமே தீர்ப்பு வாங்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது என்று 1872-லேயே லண்டன் பிரிவி கவுன்சில் (அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றம்) சொல்லிவிட்டது. வென்றவர் அதே தீர்ப்பை வைத்து 'நிறைவேற்று மனு' போட வேண்டும். கோர்ட்டு வளாகத்தில் எல்லோரும் அதை ஈ.பி. என்பார்கள். இதற்குக் கெடு 12 ஆண்டுகள். தீர்ப்பு வந்து ஏழெட்டு வருடம் சத்தமே இல்லை, மறந்துவிட்டார்கள் போல என்று நிம்மதியாக இருப்பவர் வீட்டுக்கு அமீனா வருவது இதனால்தான். ஈ.பி.க்களை 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொன்னது, 2025 மார்ச்சில் மறுபடி அழுத்திச் சொன்னது. அதற்கப்புறம் கணக்கெடுத்தபோது நாடு முழுவதும் 8 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல் ஈ.பி.க்கள் தேங்கிக் கிடந்தன. தேக்கம் கடனாளிக்கு அவகாசம்தான், ஆனால் ஏறும் வட்டி அந்த அவகாசத்துக்கு வாடகை.

ஈ.பி.யில் பணத்தை எந்த வழியில் வசூலிக்க வேண்டும் என்பதைக் கடன் கொடுத்தவர்தான் தேர்ந்தெடுத்துக் கேட்கிறார்: வீட்டுப் பொருள், சம்பளம், வங்கிக் கணக்கு, வீடு-நிலம், கடைசியாக ஆளையே சிறைக்கு அனுப்புவது. உங்கள் கைக்கு வரும் காகிதத்தில் இவற்றில் எது எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் நீங்கள் செய்ய வேண்டியதும் மாறும்.

வீட்டுக்குள் வந்தால் எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது

அசையும் பொருள் ஜப்தி என்றால் அமீனா நேரில் வந்து பொருளைக் கைப்பற்றுவார். சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் குடியிருக்கும் வீட்டுக்குள் அவர் நுழையக்கூடாது. இரவில் வந்து கதவைத் தட்டுகிறவர் அமீனாவாக இருக்க வாய்ப்பில்லை. பகலில் வந்து, அது கடனாளியின் வீடுதான் என்று தெரிந்து, திறக்க மறுத்தால் வெளிக்கதவை உடைக்கலாம். ஒருமுறை முறைப்படி உள்ளே வந்துவிட்டால், பொருள் இருக்கும் என்று அவர் நம்பும் அறைக் கதவையும் திறக்கலாம். ஆகவே உள்ளே பூட்டிக்கொண்டு உட்கார்வதால் பயனில்லை, கதவுதான் போகும்.

எதை எடுக்கக்கூடாது என்று அந்த 1908 சட்டத்தின் பிரிவு 60 ஒரு பட்டியலே போடுகிறது. கடனாளி, மனைவி, குழந்தைகளுக்குத் தேவையான உடுதுணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை. மத வழக்கப்படி பெண்கள் கழற்றக்கூடாத நகை, நம் ஊரில் தாலி. கைத்தொழில் செய்பவரின் கருவிகள். விவசாயியின் ஏர் கலப்பை, பிழைப்புக்குத் தேவையான மாடுகள், விதை நெல். கணக்குப் புத்தகங்கள். ஆயுள் காப்பீட்டுப் பாலிசியில் வரவேண்டிய பணம். இந்த வரிகளை எழுதியவர்கள் ஒரு குடும்பம் கடனால் எவ்வளவு தூரம் கீழே போகலாம் என்பதற்கு ஒரு தரை போட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

டி.வி., பிரிட்ஜ், ஏ.சி., பைக் இவற்றுக்கெல்லாம் அந்தத் தரை கிடையாது, போகலாம். நம் தையல்காரரின் மிஷின்? அவரே உட்கார்ந்து தைக்கிறார், அதில்தான் சோறு என்றால் அது கைத்தொழிலாளியின் கருவி என்று சொல்லிக் காப்பாற்றலாம். பத்து மிஷின் போட்டு ஆள் வைத்து நடத்தும் பட்டறைக்காரர் அதே வாதத்தோடு போனால் நீதிபதி சிரிப்பார்.

வீட்டில் இருப்பதெல்லாம் கடனாளியின் பொருள் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதும் முக்கியம். பிரிட்ஜ் மனைவியின் சீர்வரிசை, பைக் தம்பியுடையது என்றால் அதை அமீனாவிடமே சொல்லலாம், ரசீது, ஆர்.சி. புத்தகம் காட்டலாம். அவர் கேட்காமல் ஜப்தி செய்துவிட்டாலும், பொருளுக்கு உரியவர் கோர்ட்டில் ஆட்சேபணை மனு போடலாம். ஏலம் விடுவதற்கு முன்பே போட வேண்டும். ஆனால் அமீனா வரப்போகிறார் என்று தெரிந்ததும் வீட்டையும் வண்டியையும் அவசர அவசரமாக மனைவி பெயருக்கு எழுதி வைப்பது வேறு. கடன் கொடுத்தவரை ஏமாற்றச் செய்த மாற்றம் என்று காட்டி அதை ரத்து செய்ய முடியும். அதோடு, நேர்மையில்லாதவர் என்ற பெயரும் கோர்ட்டில் ஒட்டிக்கொள்ளும். பின்னால் சிறைப் பேச்சு வரும்போது அந்தப் பெயர் உதைக்கும்.

வாரண்டில் தொகை எழுதியிருக்கும். அதை அங்கேயே கட்டிவிட்டால் ஜப்தி செய்ய வேண்டிய அவசியமில்லை. கட்டினால் ரசீது வாங்காமல் விடாதீர்கள். எடுத்துப் போகும் பொருள்களின் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள்.

சம்பளக்காரருக்கு ஒரு கணக்கு

சம்பள ஜப்தி என்றால் அமீனா வீட்டுக்கு வரமாட்டார். உத்தரவு ஆபீசுக்குப் போகும். மாதச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் உங்களுடையது. சம்பளம் 25,000 என்றால், 1,000 போக 24,000; அதில் 16,000 கைவைக்க முடியாதது. ஆக மாதம் 8,000 ரூபாய்தான் பிடிக்கலாம். ஒரே தீர்ப்புக்காக மொத்தம் 24 மாதம் பிடித்துவிட்டால் அந்தத் தீர்ப்புக்கு அதற்குமேல் சம்பளத்தில் பிடிக்க முடியாது. ஆகக்கூடி 1,92,000. கடன் அதற்கு மேல் இருந்தால் மீதிக்குக் கடன் கொடுத்தவர் வேறு வழிதான் தேட வேண்டும். மனைவி, பிள்ளைகளுக்கான ஜீவனாம்சத் தீர்ப்புக்கு இந்தச் சலுகைக் கணக்கு இல்லை, அதில் அதிகம் பிடிக்கலாம். நியாயம்தான்.

கூலித் தொழிலாளியின் கூலியையும் வீட்டு வேலை செய்பவரின் சம்பளத்தையும் தொடவே முடியாது. அரசு ஓய்வூதியம், பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி ஆகியவையும் அப்படியே. "இந்தச் சலுகை எனக்கு வேண்டாம்" என்று கடன் பத்திரத்தில் எழுதி வாங்கியிருந்தாலும் அது செல்லாது. சட்டமே அப்படிச் சொல்கிறது.

வீடு ஏலத்துக்கு வரும்போது

அசையாச் சொத்து ஜப்தி என்பது தொடக்கத்தில் வெறும் தடை உத்தரவுதான். விற்கக்கூடாது, அடமானம் வைக்கக்கூடாது. சட்டப்படி தமுக்கடித்து அறிவிக்க வேண்டும், சொத்தின் மேலும் கோர்ட்டுப் பலகையிலும் உத்தரவை ஒட்ட வேண்டும். அன்றே யாரும் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதில்லை. வீட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிய அன்றைக்கே சாமான்களை மூட்டை கட்டிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் ஏலம், ஏல உறுதி, ஒப்படைப்பு என்று எத்தனையோ படிகள் இருக்கின்றன.

விவசாயியோ, தொழிலாளியோ, வீட்டு வேலை செய்பவரோ தானே குடியிருக்கும் வீடு என்றால் அதை ஜப்தி செய்யவே முடியாது என்பதையும் பிரிவு 60 சொல்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர் கோர்ட்டில் எடுத்துச் சொல்ல வேண்டும், கோர்ட்டு தானாகக் கேட்காது. அடமானம் வைத்துக் கடன் வாங்கிய வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது.

ஏலம் என்று ஆகிவிட்டால் கடனாளி பார்க்க வேண்டியவை சில. கடனுக்கு எவ்வளவு போதுமோ அந்த அளவு சொத்தை மட்டுமே விற்க வேண்டும்: 3 லட்சம் கடனுக்கு 5 ஏக்கரையும் விற்பது தவறு. ஏல அறிவிப்புத் தயாரிக்கும்போது உங்களுக்கு நோட்டீஸ் வரும். சொத்தின் மதிப்பை அடிமாட்டு விலைக்குக் குறைத்துப் போட்டிருந்தால் அன்றைக்கே போய்ச் சொல்ல வேண்டும். அறிவிப்பு ஒட்டி 15 நாளாவது கழிந்த பிறகுதான் ஏலம். நானே நல்ல விலைக்கு விற்றுக் கடனை அடைக்கிறேன், அவகாசம் கொடுங்கள் என்றும் மனுப் போடலாம்; நம்பும்படியாக இருந்தால் கோர்ட்டு ஏலத்தைத் தள்ளி வைத்து அனுமதி தரும். நடைமுறையில் கடனாளிக்கு மிக உதவும் வழி இது. தானே விற்றால் கிடைக்கும் விலை கோர்ட்டு ஏலத்தில் அநேகமாகக் கிடைக்காது.

ஏலம் முடிந்தபின்னும் ஒரு கதவு திறந்திருக்கிறது. ஏல நாளிலிருந்து 60 நாளுக்குள், ஏல அறிவிப்பில் சொன்ன கடன் தொகையையும், ஏலம் எடுத்தவருக்கு ஈடாக ஏலத் தொகையில் 5 சதவீதத்தையும் கோர்ட்டில் கட்டிவிட்டால் ஏலம் ரத்தாகும். வீடு 10 லட்சத்துக்குப் போயிருந்தால் கடனோடு 50,000 ரூபாய் சேர்த்துக் கட்ட வேண்டும். ஏலத்தில் மோசடியோ பெரிய முறைகேடோ நடந்து, அதனால் உண்மையான நஷ்டமும் ஏற்பட்டிருந்தால் அதைச் சொல்லியும் ரத்துக் கேட்கலாம்.

"கடன் கட்டலேன்னா ஜெயிலா?"

எல்லோரும் கேட்கும் கேள்வி. சிவில் கடனுக்குச் சிறை உண்டு, ஆனால் நினைப்பதுபோல் இல்லை. (செக் திரும்பி வந்த வழக்கு தனி. அது கிரிமினல், இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது.)

பண டிகிரிக்காக, அதாவது பணம் கட்டச் சொல்லும் தீர்ப்புக்காக, பெண்களைக் கைது செய்ய முடியாது. தொகை 2,000 ரூபாய் வரை என்றால் யாரையும் முடியாது. 5,000 வரை ஆறு வாரம், அதற்கு மேல் எவ்வளவு கோடியாக இருந்தாலும் அதிகபட்சம் மூன்று மாதம். சிறையில் இருப்பவரின் சாப்பாட்டுக்கான படியைக் கடன் கொடுத்தவரே கட்ட வேண்டும், கட்டாவிட்டால் விட்டுவிடுவார்கள். வெளியே வந்தவரை அதே தீர்ப்புக்காக மறுபடி பிடிக்க முடியாது. ஆனால் சிறைக்குப் போனதால் கடன் கழியாது. சொத்து இருந்தால் ஜப்தி தொடரும்.

இதைவிட முக்கியமானது யாரை அனுப்பலாம் என்பது. பணம் இல்லாததற்காக ஒருவரைச் சிறையில் போட முடியாது. வைத்துக்கொண்டே கட்ட மறுத்தார், சொத்தை மறைத்தார், கோர்ட்டை ஏமாற்ற ஊரைவிட்டுப் போகப் பார்த்தார் என்பதுபோல ஏதாவது ஒன்றைக் கடன் கொடுத்தவர் காட்ட வேண்டும். 1980-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இதை அழுத்தமாகச் சொன்னது: வறுமை குற்றமல்ல, கெட்ட எண்ணம் இருக்க வேண்டும்.

நடைமுறையில் முதலில் வருவது "உங்களை ஏன் சிறையில் வைக்கக்கூடாது" என்று காரணம் கேட்கும் நோட்டீஸ். அதைப் படித்ததும் பயந்து தலைமறைவாகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வராததனாலேயே கைது வாரண்ட் பிறக்கிறது. அந்த நாளில் போய் நின்று, வருமானம் இவ்வளவு, வாடகை இவ்வளவு, பள்ளிக் கட்டணம் இவ்வளவு என்று சொல்லி, கையில் இருக்கும் ஐயாயிரமோ பத்தாயிரமோ கட்டினால் விஷயமே மாறிவிடும். தீர்ப்புக்குப் பிறகு தவணை என்பது கடன் கொடுத்தவர் சம்மதித்தால்தான் முறைப்படி கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு தொகை கட்டிக்கொண்டே வருகிறவரைச் சிறைக்கு அனுப்ப நீதிபதிகளுக்கு மனம் வருவதில்லை. கடன் கொடுத்தவருக்கும் வேண்டியது பணம், கடனாளியை உள்ளே தள்ளிப் படி கட்டுவதில் லாபமில்லை.

தீர்ப்பே தெரியாமல் வந்திருந்தால்

அமீனா வந்த பிறகுதான் வழக்கே தெரியும் என்றால், ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்ய மனுப் போடலாம். கெடு 30 நாள். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால் தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து கணக்கு. தாமதமாகிவிட்டால் தாமதத்துக்கான காரணத்தைத் தனி மனுவாகச் சொல்ல வேண்டும். தொகையில் ஒரு பகுதியைக் கட்டு என்று கோர்ட்டு நிபந்தனை போடலாம். மனுப் போட்டதாலேயே ஜப்தி நின்றுவிடாது என்பதால் தடை உத்தரவும் கூடவே கேட்க வேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்பவர்களுக்கு ஒவ்வொரு மாவட்டக் கோர்ட்டு வளாகத்திலும் இலவச சட்ட உதவி மையம் உண்டு. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பே இல்லை. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். ஈ.பி. நிலுவையில் இருக்கும்போதே மக்கள் நீதிமன்றத்தில் வைத்துப் பேசி ஒரு தொகைக்கு முடிக்கவும் முடியும். அங்கே முடிந்தால் மேல்முறையீடு கிடையாது, ஆகவே கட்ட முடிந்த தொகைக்கு மட்டும் தலையாட்டுங்கள்.

ஒன்றுமே முடியாது, நாலு பக்கமும் கடன் என்றால் கடைசியாக இருப்பது நம் ஊர் பாஷையில் 'மஞ்சள் நோட்டீஸ்', 'ஐ.பி. கொடுப்பது', அதாவது திவால் மனு போடுவது. சென்னைக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டம். திவால் என்று கோர்ட்டு அறிவித்தால் சொத்துகள் கோர்ட்டுப் பொறுப்புக்குப் போய், கடன் கொடுத்த எல்லோருக்கும் விகிதப்படி பிரியும். சினிமாவில் காட்டுவதுபோல் அது ராத்திரியோடு ராத்திரியாகத் தப்பிக்கும் வழி அல்ல. கணக்கு முழுவதையும் கோர்ட்டு முன் விரித்து வைக்க வேண்டும், ஒளித்தது தெரிந்தால் அதற்குத் தனியாகத் தண்டனை.

வங்கி வீட்டுக் கடன், அடமானக் கடன் ஆகியவை வேறு பாதை. 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி வங்கி சிவில் கோர்ட்டுக்குப் போகாமலே 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுச் சொத்தைக் கையகப்படுத்தலாம். அதை எதிர்க்கக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கு 45 நாளுக்குள் போக வேண்டும். விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. விரிவாக எழுத வேண்டிய விஷயம், இன்னொரு நாள் பார்க்கலாம்.

கடைசியாக, கடனை அடைத்து முடிக்கும் நாளைப் பற்றி. நம் தையல்காரர் எப்படியோ புரட்டி, கடன் கொடுத்தவர் வீட்டுக்கே போய் முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறார். காப்பி குடித்தாயிற்று, கைகுலுக்கியாயிற்று. ஆனால் கோர்ட்டுக்கு இது தெரியாது. கோர்ட்டுக்கு வெளியே கொடுத்த பணத்தை 'வரவாயிற்று, முழுத் திருப்தி' என்று கோர்ட்டில் பதிவு செய்ய வேண்டும். கடன் கொடுத்தவர் சொல்லாவிட்டால் கடனாளியே 30 நாளுக்குள் மனுப் போட்டுப் பதிவு செய்யலாம். பதிவாகாத பணத்தை நிறைவேற்றும் கோர்ட்டு கணக்கில் எடுத்துக்கொள்ளாது. அதனால் பணத்தைக் கோர்ட்டிலேயே கட்டுவது நல்லது. வங்கி வழியாக அனுப்பினால் அதற்கு அடுத்தபடி. அந்த ஈ.பி. நம்பருக்கு எதிரே 'முடிவு' என்று எழுதப்பட்டதை உத்தரவு நகலில் பார்த்த பிறகு காப்பி குடிக்கலாம்.